கச்சான் காலத்தில் ஆறு நாட்கள்

விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும், பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, மதினி எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். மணல்மேட்டுக்குப் பின்னால், ஏழெட்டுப் பனைகளுக்கு நடுவில் இருந்த சின்ன உறைக்கிணறு அது. வாளியை இறக்கி இழுத்து, எங்கள் இருவர் உள்ளங்கையிலும் தண்ணீர் ஊற்றினார். "குடித்துப் பாருங்கள்." குடித்தோம். நாக்கின் ஓரத்தில் லேசான கரிப்பு. மற்றபடி நல்ல தண்ணீர். "இது குடிக்கவும் சமைக்கவும். குளித்து முடித்ததும் மேலுக்கு ஊற்றிக்கொள்ள ஆளுக்கு ஒரு வாளி. மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் குழாய்" என்று உப்புநீர்க் குழாயைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அறைச் சாவி கைக்கு வந்தது.

அவரை மதினி என்று அழைக்கத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஆட்டோ நின்ற இடத்திலிருந்து எங்கள் பைகளைச் சுமந்து வந்த அவருடைய கணவரை வழியிலேயே அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டேன். விடுதியின் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். இவர்கள் இருவரும்தான் சமைத்து, கூட்டி, பார்த்துக்கொள்கிறார்கள்.

இடம் பாம்பன் தீவின் தென்கரை. மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து, ராமேஸ்வரத்தில் ஆட்டோ பிடித்தோம். தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கியதும் ஆட்டோ நின்றுவிடும். மேற்கொண்டு முக்கால் கிலோமீட்டர் நடை. நான்கு அறைகள், செங்கல் சுவர், பனையோலைக் கூரை. சுற்றுச்சுவர் கிடையாது, ஒருபுறம் இராவணன் மீசைப் புல், மறுபுறம் அடம்பங்கொடி, அவ்வளவுதான் எல்லை. கண்ணுக்கெட்டிய வரை வேறு வீடு இல்லை. கோயில் கூட்டம் நிறைந்த ஒரு தீவில் இப்படி ஓர் ஆளரவமற்ற மூலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

நான் தேடிப்போன இடம் இல்லை இது. அக்காவுக்காகப் பார்த்த இடம். அத்தான் காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. வருகிறவர்கள், போகிறவர்கள், தொலைபேசியில் விசாரிப்பவர்கள் என்று அவளுக்கு ஓயவில்லை. "எப்படி இருக்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்காத இடமாகப் பார்" என்றாள். ஆனி கடைசியில் கிளம்பினோம். ஆடி அமாவாசைக் கூட்டம் தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. கச்சான் காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தத் தீவுக்காரர்கள் ஆண்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் கொந்தளிக்கும். பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். வடகடல் ஆடும், தென்கடல் அடங்கும். மீனவர்களும் அதற்கேற்பப் படகையும் வலையையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் விடுதியோ தென்கரையில், கச்சானுக்கு நேர் முகம் காட்டிக்கொண்டு நின்றது.

முதல் இரவு தூங்கவில்லை. அலை ஓசை தாலாட்டும் என்று சொல்கிறவர்கள் அடங்கிய கடலருகே படுத்திருப்பார்கள். இது தாலாட்டு ஆகாது. ஓர் அலை உடைந்து முடிவதற்குள் அடுத்தது உடையும். அதன் மேல் காற்று ஓலைக்கூரையைப் பிடித்து உலுக்கும். விடிந்து பார்த்தால் தலையணை, போர்வை, செம்பு, செம்புக்குள் இருந்த தண்ணீர், எல்லாவற்றிலும் மணல். சோற்றில் மணல் கடித்தது. மூக்குக் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் உப்புப் பூத்துக்கொண்டே இருந்தது. துவைத்துப் போட்ட சேலை காய்ந்தும் காயாமல் பிசுபிசுத்தது. காற்றில் வரும் உப்பு அதில் ஏறி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வாங்கி ஓராண்டுகூட ஆகாத கதவுக் கொண்டி துருப்பிடித்துக் கையோடு வந்தது. கடலோரத்தில் தங்கப் போகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். வயதானவர்களையோ மூச்சிழுப்பு உள்ளவர்களையோ இந்த மாதங்களில் தென்கரைக்கு அழைத்துவரக் கூடாது.

இருந்தும் மூன்றாம் நாள் காலை திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. காற்றுக்கு உடம்பு பழகிவிட்டிருந்தது. ஆலாக்கள் காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று மடிந்து கடலில் விழுந்து, மீனோடு எழும்பின. மணல் நண்டுகள் வளைக்கு வளை ஓடின. பார்க்க வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை, போக வேண்டிய நேரம் என்று எதுவும் இல்லை. அக்கா முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூட மணிக்கு எழுந்து உட்கார்ந்தவள். பத்து மணி வரை தலை வாராமல் சுவரில் சாய்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் மதினி கோபித்துக்கொள்வார். அண்ணன் விடியற்காலையில் வடகரைக்குப் போய் என்ன கிடைத்ததோ அதைக் கொண்டுவருவார். அதுதான் அன்றைய சமையல். ஒரு நாள் விளைமீன் குழம்பு, ஒரு நாள் கணவாய், ஒரு நாள் நண்டு ரசம். ஒரு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை, கருவாடும் கத்தரிக்காயும். அந்தக் கருவாட்டுக் குழம்பை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரிய மின்தகட்டில் எரியும் விளக்குகளை ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவார்கள். தெற்கே கடலைத் தவிர வேறெதுவும் இல்லாததால் வானம் நீர்மட்டம் வரை இறங்கித் தெரியும். இரவு தொடங்கும்போது திரிசங்கு மேற்கே சாய்ந்துகொண்டிருக்கும். பத்து மணிவாக்கில் விருச்சிகம் முழுதாக எழும்பி நிற்கும். நடுவில் கேட்டை செம்பொட்டாக. அக்கா பல ஆண்டுகள் கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டிய நட்சத்திரங்கள் இவை. மதுரையில் இப்படி ஒரு வானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லையே என்று அவள் வருந்தினாள். மதினியின் சின்ன வானொலிப் பெட்டியில் இலங்கை வானொலி கேட்கும். என் தொலைபேசிக்கு உள்ளூர்க் கோபுரம் எட்டவில்லை. ஒருமுறை இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தி வந்தது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான் என்பதைப் படித்திருக்கிறேன். அந்தக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் உடம்பில் உறைத்தது.

தனிமை எல்லா நேரத்திலும் இனிமையாக இருக்கவில்லை. மாலை நாலு மணிக்கு மேல், வெயில் மஞ்சளாகி நிழல்கள் நீளும்போது, அந்த இடத்துக்கு ஒரு கனம் வந்துவிடும். நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைப் பொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் வைத்தவர்கள் இப்படி ஒரு கரையில் உட்கார்ந்துதான் வைத்திருப்பார்கள். வீட்டில் என்றால் அந்த நேரத்துக்குக் காபி போடலாம், பக்கத்து வீட்டாரிடம் பேசலாம், தொலைக்காட்சி போடலாம். இங்கே துக்கம் ஒளிந்துகொள்ள ஒரு பொருளும் கிடையாது. இரண்டாம் நாள் மாலை அக்கா அழுதாள். அவளை அழைத்து வந்தது தப்போ என்று எனக்குப் பயமாகிவிட்டது. நாலாம் நாள் மாலை அவளாகவே அத்தானின் கடைசி மாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, இருட்டும் வரை பேசினாள். குறுக்கே யாரும் வரவில்லை, தொலைபேசி அடிக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் அவள் அதை முழுதாகச் சொன்னது அன்றுதான்.

இனி திருக்கை.

தென்கடலில் இறங்கக் கூடாது என்று அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். குளிக்க ஆசைப்பட்டால் வடகரைக்குப் போகலாம். தீவின் குறுக்கே உடைமரங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில் நடந்தால் போய்ச் சேரலாம். "ஆழம் இல்லை, பயமில்லை. ஆனால் காலைத் தூக்கி வைக்காதீர்கள். மணலோடு இழுத்து இழுத்து நடங்கள்" என்றார். திருக்கை மணலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். கால் உரசி வருவது தெரிந்தால் விலகிப் போய்விடும். மேலே மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளால் குத்திவிடும். முதல்முறை போனபோது சொன்னபடி நடந்தேன். ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் மறந்துவிட்டேன்.

குதிகாலுக்கு மேலே ஆணி அடித்ததுபோல் இருந்தது. பத்து நிமிடத்தில் வலி முழங்காலைத் தாண்டி ஏறியது. பிரசவ வலி கண்டவள் நான். இது அதற்குச் சற்றும் குறைந்ததில்லை. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் என்னைத் தாங்கிக்கொண்டு அங்கிருந்த ஓலைக்குடிசைக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. இரத்தத்தைக் கழுவிவிட்டு, ஒரு பானை கடல்தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தார். கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, என் காலை அதில் அமிழ்த்தச் சொன்னார். ஆற ஆறச் சுடுநீர் சேர்த்துக்கொண்டே இருந்தார். திருக்கையின் நஞ்சு சூட்டில் சிதைந்துவிடும். மருத்துவர்களும் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். முக்கால் மணி நேரத்தில் பல்லைக் கடிக்காமல் பேச முடிந்தது. "நல்ல தண்ணீரை இதற்குச் செலவழிக்க வேண்டாம், ஆத்தா. கடல்தண்ணீரே போதும்" என்றார் அவர், நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல.

முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் தடுப்பூசி போடவும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொலைபேசியில் கோபுரம் இல்லை. அண்ணனின் மகன் சைக்கிளில் சாலை வரை போய் ஆட்டோ அழைத்து வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திருக்கை முள்ளாக இருந்ததால் காத்திருக்க முடிந்தது. அக்காவுக்கு நெஞ்சுவலியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அந்த ஒன்றரை மணி நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். விருந்தாளியாகப் போன எனக்கு ஓர் இரவுக் கவலை. அந்தக் குடிசையிலிருக்கும் பெண்ணுக்குப் பிரசவமானாலும் காய்ச்சலானாலும் இதே பாதை, இதே காத்திருப்பு. நான் பணம் கொடுத்துத் தேடி வந்த ஒதுக்குப்புறம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கிறது.

காயத்தில் முள் இல்லை. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நள்ளிரவுக்கு மேல் விடுதிக்குத் திரும்பினால் முற்றமெல்லாம் வெளிச்சம்.

அன்று சனிக்கிழமை. மாலையில் பதினோரு பேர் கொண்ட ஒரு குழு வந்து மற்ற மூன்று அறைகளையும் எடுத்திருந்தது. நல்ல பிள்ளைகள். என் கால் கட்டைப் பார்த்ததும் ஒரு பெண் ஓடி வந்து கைகொடுத்தாள். அவர்கள் செய்ததில் தவறு என்று ஒன்றும் இல்லை. கடலோரத்துக்கு வந்த யாரும் செய்வதைத்தான் செய்தார்கள். காலையில் வடகரைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, உப்புப் போக நன்றாகத் தலைக்கு ஊற்றிக் குளித்தார்கள். மதினி வாளிக் கணக்கைச் சொல்லிப் பார்த்தார். ஆனால் சொந்தக்காரர் சென்ற ஆண்டு கிணற்றில் மோட்டார் வைத்து, குளியலறைகளுக்கெல்லாம் குழாய் இழுத்து, பூத்தூவல் குழாயும் மாட்டியிருந்தார். அண்ணன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் இடத்தில் வாளிக் கணக்கு யார் காதில் ஏறும்? முற்பகல் முழுவதும் மோட்டார் ஓடியது.

மதியம் மதினி கொடுத்த தேநீர் கரித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே சுவைத்துவிட்டிருந்தார்.

அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து, குச்சியால் மணலில் படம் போட்டு எனக்கு விளக்கினாள். புவியியல் ஆசிரியை ஆயிற்றே. இந்தத் தீவில் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரோடு கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. குழம்பின் மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி. நன்னீரைவிடக் கடல்நீர் கொஞ்சம் கனமானது. ஆயிரம் கிலோவுக்கு இருபத்தைந்து கிலோ அளவு வித்தியாசம். அந்தக் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு விரற்கடை உயர்ந்து நின்றால், அதன் பாரம் கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது விரற்கடை ஆழம் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு விரற்கடை இறங்கினால்? "கீழேயிருந்து நாற்பது விரற்கடை ஏறி வரும்" என்றாள். வாளியால் மொண்டால் சுற்றிலுமிருந்து மெதுவாக ஊறி நிரம்பும். மோட்டார் ஒரே இடத்தில் உறிஞ்சும்போது அதற்கு நேர் கீழே உப்பு கூம்புபோல் எழும்பிக் கிணற்றுக்குள் வந்துவிடுகிறது. அதுவும் ஆனியில். கடைசி நல்ல மழை பெய்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

மதினிக்கு இந்தப் படம் தேவைப்படவில்லை. அவருடைய அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் தப்பிப் பிழைத்து வந்தவர். பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன அந்த இரவுக்குப் பிறகு, மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்த ஊர் அது. ஆனாலும் சில குடும்பங்கள் திரும்பிப் போயின. இன்றும் அங்கே போகிறவர்கள் பார்க்கலாம்: கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் சேர்ப்பார்கள். அந்த ஊற்றை ஆழமாகத் தோண்டக் கூடாது, அவசரப்பட்டு மொள்ளக் கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்ததாக மதினி சொன்னார். "மேல்தண்ணீரை மட்டும் வழித்து எடுக்க வேண்டும். பாலாடை எடுப்பதுபோல."

ஊருக்குத் திரும்பிய பிறகு விதிமுறைகளைத் தேடி வாசித்தேன். 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே, கடலோர விடுதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது, 200 முதல் 500 மீட்டர் வரை நிலத்தடி நீர் வாரியத்தின் ஒப்புதலோடுதான் எடுக்கலாம் என்று இருந்திருக்கிறது. எழுதியவர்களுக்கு மதினியின் அம்மா அறிந்தது தெரிந்திருக்கிறது. மோட்டார் வைத்தவர்களுக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வைத்தார்கள்.

குழு ஞாயிறு மாலை கிளம்பிப் போனது. மறுநாள் நாங்கள் கிளம்பும்போதும் கிணற்றில் உப்பு இறங்கவில்லை. அண்ணனும் மகனும் சைக்கிளில் குடங்களைக் கட்டி, சாலைக்குப் போய்க் காவிரித் தண்ணீர் வாங்கி வந்தார்கள். மணலில் சைக்கிளை உருட்ட முடியாது; குடங்களை இறக்கி ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்தார்கள். எப்போது கிணறு தெளியும் என்று கேட்டேன். மழைதான் சொல்ல வேண்டும் என்றார் மதினி.

நண்பர்கள் விடுதி எப்படி என்று கேட்கிறார்கள். காற்றையும் மணலையும் பற்றிச் சொல்கிறேன், திருக்கையைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டையையும் கருவாட்டுக் குழம்பையும் பற்றிச் சொல்கிறேன். பிறகு, எந்தக் கடற்கரையில் தங்கப் போனாலும் அறையிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள் என்கிறேன். கிணறு என்றால் வாளியா மோட்டாரா என்று கேளுங்கள். சிலருக்கு இது விசித்திரமாகப் படுகிறது. அதற்காக நான் கேட்காமல் விடப்போவதில்லை. சொந்தக்காரருக்கும் நானும் அக்காவும் கையெழுத்திட்டு நாலு பக்கக் கடிதம் எழுதினோம், அக்காவின் படத்தோடு. பதில் வரவில்லை.

கார்த்திகையில் மதுரையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் அக்கா என்னிடம்கூடச் சொல்லாமல் அண்ணனுக்குத் தொலைபேசி செய்திருக்கிறாள். மாலையில் என் வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தீவிலும் நல்ல மழையாம். மோட்டார் உப்பில் அரித்துப் பழுதாகிவிட்டதாம். சொந்தக்காரர் புதிது வாங்கும் வரை வாளிதானாம். தண்ணீர் மேலேறிவிட்டதால் வாளிக் கயிற்றை இரண்டு முழம் குறைத்துக் கட்டியிருக்கிறார்களாம்.

"தை கடைசியில் இரண்டு பேருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது தென்கடல் அடங்கியிருக்கும்" என்றாள்.